சந்தையில் நிறுத்திய கரும்பலகை

காமர்ஸ் வாத்தியார் என்றால் கடைக்குக் கணக்கு எழுதத் தெரிந்தவர் என்று சேலத்தில் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்க இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருந்தது. காவிரிக் கரை ஊரொன்றில் பிறந்து, சென்னையில் படித்து, தங்கப் பதக்கம் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு நான் இங்கே வந்து இறங்கியபோது எனக்கு இருபத்தாறு வயது. அந்தப் பதக்கத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த வயதில் எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும், இதற்கும் வந்தது.

கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்புக்கு நான் பாடம் எடுத்தேன். இங்கிலாந்தில் அச்சான புத்தகம். சந்தை என்றால் என்ன என்ற பாடத்தில் லிவர்பூலில் பருத்தி விற்கும் விதம் ஆறு பக்கம் இருந்தது. நாமக்கல் பக்கத்து மானாவாரிக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் அந்த ஆறு பக்கத்தையும் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தான். உங்கள் காட்டில் விளைகிற கடலையை எப்படி விற்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது எங்கம்மாவுக்குத்தானுங்க சார் தெரியும்" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. லிவர்பூலைத் தெரிந்து வைத்திருக்கிற இவனுக்கு வீட்டு வாசலைத் தாண்டினால் ஒன்றும் தெரியாது. அவனுக்குப் பாடம் சொல்ல வந்த எனக்கும் தெரியாது. அன்றைக்கே புத்தகத்தை மூடி வைத்தேன்.

நான் குடியிருந்தது அம்மாபேட்டையில். காலையில் நெசவாளர்கள் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்திருப்பார்கள். கல்லூரிக்குப் போகிற அவசரத்தில் அதைச் சுற்றிக்கொண்டு போவதே எனக்கு ஓர் எரிச்சல். முதலில் மாணவர்களை அந்தத் தெருவுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். வேடிக்கை பார்க்க வந்தவன் நாளையிலிருந்து வகுப்புக்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாவு பிடித்தார்கள், நூல் சுற்றினார்கள், மூட்டை தூக்கினார்கள். ஒரு சேலை தறியை விட்டு இறங்கி எங்கெங்கே போகிறது என்று கூடவே நடந்து பார்த்தார்கள். பிரின்சிபாலுக்கு இது பிடிக்கவில்லை. பரீட்சையில் நூல் சுற்றச் சொல்ல மாட்டார்களே என்றார். தேறாவிட்டால் என்னைக் கேளுங்கள் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு போனதுதான் மாட்டுச் சந்தை. நாமக்கல் சாலையில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடுவது. விடியற்காலை பஸ்ஸில் போய் இறங்குவோம். மாட்டைப் பிடிக்கவும், வாயைத் திறந்து பல் பார்த்து வயது சொல்லவும் மாணவர்கள் பழகினார்கள். பட்டணத்துப் பையன் ஒருவன் உதை வாங்கி இரண்டு வாரம் நொண்டினான். அவன்தான் பிறகு வகுப்பிலேயே நன்றாகப் பல் பார்த்தவன்.

அங்கே விலை பேசுகிற விதத்தைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. விற்பவரும் தரகரும் எதிரெதிரே நிற்பார்கள். இருவர் கைக்கும் மேலே ஒரு துண்டு. துண்டுக்குள் விரலைப் பிடிப்பதும் அழுத்துவதும் விடுவதுமாக விலை நடக்கும். வாயில் ஒரு வார்த்தை வராது. பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூட அந்த மாடு என்ன விலைக்குப் போனது என்று தெரியாது. பெண்களால் அந்தத் துண்டுக்குள் கையை விட முடியாது. அவர்களுக்காக ஓர் ஆண்தான் கை கொடுக்க வேண்டும். விலை தெரிவதுதான் சந்தை, தெரியாவிட்டால் அது கொள்ளை என்று அங்கேயே நின்று மாணவர்களுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். மாடுகள் என்னைப் பார்த்தன.

பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் ஒரு பழைய கரும்பலகையை இரவல் வாங்கினோம். இரண்டு மூங்கிலை நட்டு, சந்தையின் நடுவே வேப்ப மரத்தடியில் நிறுத்தினோம். ஒரு மாடு கைமாறியதும் மாணவர்கள் ஓடிப் போய் விலை கேட்டு வந்து எழுத வேண்டும். என்ன மாடு, எத்தனை பல், என்ன விலை. நாமக்கல் பக்கத்து மாணவனின் எழுத்து அழகாக இருந்ததால் சாக்குக்கட்டி அவன் கையில். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்கள் வந்து, "படி சாமி" என்பார்கள். அவன் சத்தமாகப் படிப்பான். இந்த ஊரில் பெரியவரும் சாமி, தொட்டில் குழந்தையும் சாமி என்பது எனக்கு அதற்குள் பழகியிருந்தது. முதல் தடவை என்னை யாரோ சாமி என்று கூப்பிட்டபோது என் பதக்கத்துக்குக் கிடைத்த மரியாதை என்று மகிழ்ந்து போனவன் நான்.

பலகைக்குப் பலன் இருந்தது. அதை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட இருந்தவர்கள் பலகையைக் கேட்டுவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த வாரம் நல்ல விலைக்கு விற்றார்கள். தரகர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களில் வயதானவர் ஒருவர் மட்டும் என்னிடம் வந்து, துண்டுக்குள் இருப்பதெல்லாம் திருட்டு இல்லை, கொஞ்சம் பார்த்து எழுதச் சொல்லுங்கள் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். தரகு போய்விடும் என்ற பயம் அவருக்கு என்று மாணவர்களிடம் சொல்லிச் சிரித்தேன். சென்னை நண்பர்களுக்கு நீளநீளமாகக் கடிதம் எழுதினேன். தலைகால் புரியவில்லை எனக்கு.

அந்த வருஷம் நாமக்கல் பக்கம் கடலை பொய்த்தது. முந்தின வருஷமும் பொய்த்திருந்தது. சாக்குக்கட்டி பிடித்த மாணவனுக்குத் தகப்பனார் இல்லை. அம்மாதான் காட்டைப் பார்த்துக்கொண்டு அவனைப் படிக்க வைத்தார். கல்லூரிச் சம்பள பாக்கி, விடுதிச் சாப்பாடு, பரீட்சைப் பணம் எல்லாம் சேர்ந்து ஐம்பது ரூபாய்க்கு மேல் நின்றது. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அவன் என்னிடம் வாய் திறக்கவில்லை. ஆபீஸ் குமாஸ்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டபோது, எருது ஒன்றை அம்மா விற்கப் போகிறார், கட்டிவிடுவேன் என்றான்.

செவ்வாயன்று அந்த அம்மாள் எருதை ஓட்டிக்கொண்டு வந்தார். சாம்பல் கலந்த மயிலை நிறம். பல் சேர்ந்து, அதாவது எல்லாப் பல்லும் முளைத்து முடிந்து, பல வருஷம் ஆகியிருந்த எருது. அந்த வயதான தரகரே அவருக்காகக் கை கொடுத்தார். சீக்கிரம் முடிந்துவிட்டது. பழைய தலைக்கயிற்றை அவிழ்த்து அம்மாளிடம் கொடுத்துவிட்டுப் புதுக் கயிறு போட்டார்கள். கயிறு மாறிவிட்டால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் பேச்சு மாற மாட்டார்கள்.

விலை என்ன என்று மாணவன் தரகரிடம் கேட்டான். முப்பது சொச்சம் என்று எழுதிக்கொள் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சொச்சம் என்று ஒரு விலை உலகத்தில் கிடையாது என்றேன். அவர் என் கண்ணைப் பார்த்து, வேண்டாம் விட்டுவிடுங்கள் என்பதுபோலத் தலையசைத்தார். என் புத்தி அப்போது எங்கே போயிற்றோ, அந்த அம்மாளையே திரும்பிக் கேட்டேன், உங்கள் கைக்கு எவ்வளவு வந்தது என்று. ஐம்பத்தைந்து என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது. மைசூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் இதேபோல் நெற்றிச் சுழி உள்ள எருதைத் தேடிக்கொண்டிருந்தாராம், அதனால் நல்ல விலை என்று தரகர் சொன்னதாகச் சுற்றி நின்றவர்களிடமும் சொன்னார். நம்ப வேண்டியிருந்தது, நம்பினார்.

மகன் பலகையில் எழுதினான். மயிலை எருது, பல் சேர்ந்தது, ஒன்று, ரூபாய் ஐம்பத்தைந்து. தன் வீட்டு எருது என்பதால் மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினான்.

ஐந்து நிமிஷத்தில் சந்தை அமளியாயிற்று. இந்தக் கிழட்டு எருதுக்கு ஐம்பத்தைந்தா என்று சிரித்தவர்கள் பாதி. இதற்கே ஐம்பத்தைந்து என்றால் என் நாலு பல் காளைக்கு எண்பது கொடு என்று பேசி முடித்த விலையிலிருந்து பின்வாங்கியவர்கள் மீதி. தரகர் எங்களிடம் ஒரு விலை, மைசூர்க்காரனிடம் ஒரு விலையா அடிக்கிறார் என்று நாலு பேர் அவருடைய மேல்துண்டைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கே அந்த மைசூர் வியாபாரி, காட்டு என்று கூச்சல். கிழவர் வாய் திறக்கவில்லை. அடி விழும் என்ற நிலை வந்தபோது, வண்டிகள் நிறுத்தியிருந்த பக்கத்திலிருந்து ஓர் ஆள் வேகமாக வந்து அவர்களை விலக்கினார்.

"அவரை உடுங்க. நாந்தான் வாங்குனேன்" என்றார்.

அவர் அந்த அம்மாளின் அண்ணன். நாலு ஊர் தள்ளி, தோட்டம் துரவு உள்ளவர். தங்கையின் கணவர் செத்த வீட்டில், இனி இரண்டு வீட்டுக்கும் நாம்தான் சோறு போட வேண்டுமா என்று அவர் மனைவி யாரிடமோ சொன்னது தங்கையின் காதில் விழுந்துவிட்டது. அதிலிருந்து ஏழு வருஷமாக அண்ணன் வீட்டுப் படியைத் தங்கை மிதிக்கவில்லை, ஒரு படி தானியம் வாங்கிக்கொள்ளவில்லை. மருமகன் படிப்பு நிற்கப் போகிறது என்று கேள்விப்பட்ட அண்ணன், தரகர் கையில் பணத்தைக் கொடுத்து, தன் பெயர் வெளியே வராமல் எருதை வாங்கச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அங்கே நின்ற மற்ற எல்லோருக்கும் பார்த்த உடனே புரிந்தது.

அந்த அம்மாள் மடியிலிருந்த பணத்தை எடுத்து அண்ணன் கையில் வைத்தார். எருதின் புதுக் கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டுப் பழைய கயிற்றைக் கட்டினார். மாறிய கயிற்றை அவிழ்த்ததை அந்தச் சந்தையில் அதற்கு முன்பு யாரும் பார்த்ததில்லை என்றார்கள். எருதை ஓட்டிக்கொண்டு நடந்தார். மகன் சாக்குக்கட்டியைப் பலகையடியில் வைத்துவிட்டுப் பின்னாலேயே போனான்.

அண்ணன் என்னிடம் வந்தார். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஏனுங்க வாத்தியாரே, எந்தங்கச்சிக்கு ஒரு வழி பண்ணியிருந்தேன். அதையுமா எழுதிப் போடோணும்?"



மாணவன் புதன்கிழமை வகுப்புக்கு வரவில்லை. வியாழனும் வரவில்லை. அவன் பெயரை நான் ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை படித்தேன். மாதம் முடியப் பத்து நாள்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லுக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து நாலு மைல் நடந்து அவர்கள் ஊருக்குப் போனேன். வழி நெடுக என்ன பேசுவது என்று தயார் செய்துகொண்டே போனேன். போனதும் அத்தனையும் மறந்துவிட்டது.

அந்த அம்மாள் கட்டிலைப் போட்டு உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். கோபம் தெரியவில்லை, அதுதான் என்னை இன்னும் கூசவைத்தது. மன்னிப்புக் கேட்டேன். பலகை பொய் சொல்லவில்லையே, நீங்கள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்றார். உடனே நான் அடுத்த தவறைச் செய்தேன். மகனுடைய பணத்தை நான் கட்டிவிடுகிறேன், சௌகரியப்படும்போது கொடுங்கள் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீங்களுமாங்க?" என்றார்.

நான் மோரைக் குடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே மகனைக் கூப்பிட்டு, நீங்களெல்லாம் இத்தனை வாரமாகப் பலகையில் எழுதினீர்களே, அதன்படி நம் எருது உண்மையில் என்ன பெறும் என்று கேட்டார். அவனிடம் நோட்டு இருந்தது. ஒவ்வொரு செவ்வாயும் பலகையைத் துடைக்கும் முன் அவன் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டிருந்தான். நான் சொல்லாமலே செய்த வேலை. பல் சேர்ந்த எருதுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, உழவுக்கு ஆகிறவற்றை ஒரு பக்கம், ஆகாதவற்றை ஒரு பக்கம் பிரித்து, அரைமணி நேரம் யோசித்து, முப்பத்திரண்டு என்றான். நான் சரிபார்த்தேன். தேர்வில் இப்படி ஒரு கேள்வி இருந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

"முப்பத்தெரண்டு" என்று அம்மாள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "எனக்கும் அதுதானுங்க தோணுச்சு. வர்ற செவ்வாக்கெழம ஓட்டியாரேன். ஆனா எனக்காக ஆரும் கை குடுக்க வேண்டாம். நானே வாயால கேட்டுக்கறேன்."

மகன் அன்றே என்னோடு சேலம் திரும்பினான். பஸ்ஸில் வரும்போது அவன்தான் அந்த யோசனையைச் சொன்னான். இன்னார் மாடு இந்த விலை என்று தெரியும்படி அந்தந்த நேரமே எழுதுவதால்தானே வம்பு? சந்தை கலையும்போது, இந்தப் பல், இந்த வேலைக்கு ஆகிற மாடு, இதிலிருந்து இதுவரை போயிற்று என்று ஒரே ஒரு தடவை எழுதினால் போதாதா? அதை அடுத்த வாரம் முழுக்க நிறுத்தி வைத்தால் யார் வீட்டு விஷயமும் வெளியே வராது, விலையும் தெரியும். அந்த வயதான தரகரிடம் போய்ச் சொன்னேன். இதைத்தானே வாத்தியாரே அன்றைக்கே கேட்டேன் என்றார். கேட்டார்தான். அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அந்த மாதத்தில் நான் கேட்ட மன்னிப்புகள் அதற்கு முந்தைய இருபத்தாறு வருஷத்தில் கேட்டதைவிட அதிகம்.

செவ்வாய் வந்தது. மகன் தன் நோட்டைப் பார்த்துப் புது முறைப்படி பலகையில் எழுதி நிறுத்தினான். அம்மாளும் எருதும் வந்தார்கள். பலகைக்குப் பக்கத்தில் நின்று, எருதின் கழுத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டாரைக் கூப்பிடும் குரலில் சொன்னார்:

"பல்லுச் சேந்த எருது. இன்னும் ரெண்டு வருசம் உழும். முப்பத்தெரண்டு ரூபா."

சந்தையே திரும்பிப் பார்த்தது. மாடு விற்க வந்தவர் ஒரு விலையை வாயால் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. அதுவும் ஒரு பெண்பிள்ளை. தரகர் ஒருவர் பழக்கத்தில் தோளிலிருந்து துண்டை எடுத்துவிட்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பப் போட்டுக்கொண்டார். மானாவாரிக் காட்டுக்காரர் ஒருவர் வந்து எருதின் வாயைத் திறந்து பார்த்தார், குளம்பைப் பார்த்தார், பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். முப்பது என்று துண்டு இல்லாமலே, கொஞ்சம் வெட்கத்தோடு சொல்லிப் பார்த்தார். அம்மாள் தலையாட்டவில்லை. முப்பத்திரண்டுக்குக் கயிறு மாறியது.

ஆனால் முப்பத்திரண்டு கட்டணத்துக்குப் போதாது என்பது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். இருபது ரூபாய் இடித்தது. நான் கொடுக்க முடியாது. மறுபடி அந்தப் பேச்சை எடுக்கிற தைரியம் எனக்கில்லை. பெயரை அடிக்கச் சில நாள்தான் பாக்கி.

அண்ணன் அன்றும் வந்திருந்தார். வண்டிகள் நிற்கிற பக்கத்தில், கிட்டே வராமல், யாரையோ பார்க்க வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். அம்மாள் பழைய கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு நேராக அவரிடம் நடந்தார். சண்டை வரப் போகிறது என்று நினைத்து நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். மாடு விற்க வந்தவர்களும் வந்தார்கள்.

"அண்ணா" என்றார் அம்மாள். இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "பையன் படிப்புக்கு இருவது ரூபா கொறையுது. நீ குடு."

அண்ணனுக்குப் புரியவில்லை. "அன்னைக்கே குடுத்தனே அம்மிணி" என்றார்.

"அன்னைக்கு நீ எருதுக்குக் குடுத்தே. எருது வெலை எருதுக்கு. அண்ணன் குடுக்கறது அண்ணன் குடுக்கறது. ரெண்டையும் ஒரே துண்டுக்குள்ள போட்டு மூடாதே. எம்பட எருது என்ன பெறுமின்னு எனக்குத் தெரியாதா? நீ என்னையக் கண்டு பயந்துக்கிட்டு ஒளிஞ்சு நின்னே பாரு, அதுதான் எனக்குப் பொறுக்கல."

அவர் மடியை அவிழ்த்தார். விரல்கள் முடிச்சைக் கண்டுபிடிக்கவில்லை. அம்மாளே கிட்டே போய் முடிச்சை அவிழ்த்து, இருபதை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்ப முடிந்துவிட்டார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, நல்ல வாட்டசாட்டமான அந்த மனிதர் சந்தை நடுவே நின்று அழுதார்.

"நீ எங்கிட்ட ஒண்ணு கேட்டு ஏழு வருசமாச்சு அம்மிணி."

"இனிமே கேப்பேன். சாயங்காலம் ஊட்டுக்கு வாரேன். அண்ணிகிட்டச் சொல்லி எனக்கும் சேத்து ஒல வெக்கச் சொல்லு" என்றார் அம்மாள்.